புழல் ஏரியில் நின்ற விமானங்கள்

புழல் ஏரியில் ஒரு காலத்தில் விமானங்கள் நின்றன. செங்குன்றத்துக்காரர்களிடமே சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் சிரிப்பார்கள். ஏரிக்கரைப் பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது, பக்கத்தில் இருந்த தம்பி, நெல் மண்டியில் லோடு இறக்கிவிட்டு வந்தவர், கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "தண்ணிலயா? அது எப்டிண்ணே நிக்கும்?"

நியாயமான கேள்வி. அங்கிருந்தே தொடங்கலாம்.

அந்த விமானத்தின் பெயர் கட்டலினா. அமெரிக்காவின் கன்சாலிடேட்டட் கம்பெனி செய்தது. அடிப்பாகம் படகு. வயிறு முழுக்கப் படகின் வடிவத்தில் இருக்கும், சக்கரம் கிடையாது. படகுக்கு மேலே ஒரு தூண் எழுப்பி, அதன்மேல் 104 அடி நீள இறக்கையை வைத்திருப்பார்கள். எஞ்சின்கள் இரண்டும் அந்த இறக்கையில், தண்ணீர் தெறிக்காத உயரத்தில் இருக்கும். இறக்கையின் இரு நுனிகளிலும் மிதவைகள் உண்டு. வானில் ஏறியதும் அவை மேலே மடங்கி இறக்கை நுனியோடு ஒட்டிக்கொள்ளும். வால்பக்கத்தில் இரண்டு புறமும் கண்ணாடிக் கொப்புளம்போல் புடைத்த ஜன்னல்கள். அவற்றில் இயந்திரத் துப்பாக்கியும் இருக்கும். கடலைப் பார்த்துக்கொண்டே இருக்க ஓர் ஆளும் இருப்பார். உள்ளே படுக்கப் பலகைகள், சின்ன அடுப்பு. எட்டு, ஒன்பது பேர் இருபது மணி நேரம் இதற்குள் வாழ வேண்டும் என்பதால் அடுப்பு ஆடம்பரமல்ல. அந்த அடுப்பிலும் டீதான் அதிகம் கொதித்திருக்கும். ஓட்டியவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள் அல்லவா.

பறக்காத நேரத்தில் ஏரிக்குள் மிதவையில் கட்டிப் போட்டிருப்பார்கள். ஆட்களும் குண்டும் பெட்ரோலும் படகில் போகும். பழுது பார்க்க வேண்டுமென்றால், நீருக்குள் ஆளிறங்கித் தற்காலிகச் சக்கரங்களைப் பூட்டி, கரையிலிருக்கும் சரிவில் இழுத்து ஏற்றுவார்கள். அடிப்பலகையில் ஆணி தெறித்து நீர் கசிந்தால் பென்சிலைச் செருகி அடைத்துக்கொண்டு வந்த கதைகளும் அந்த விமானிகளிடம் உண்டு.

தம்பியின் அடுத்த கேள்வி இன்னும் நல்ல கேள்வி. "அதான் இத்தாம் பெரிய கடல் இருக்குதே, ராயபுரம், எண்ணூர்னு. ஏரிக்கு ஏன் வரணும்?"

நம் கடற்கரை தெரிந்தவர்களுக்கு விடையும் தெரியும். சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கல்லைக் கொட்டிக் கட்டிய துறைமுகம் அது. திருவொற்றியூர்க் கரையில் கட்டுமரம் தள்ளுகிறவர்களைக் கேட்டால் அந்த அலையின் குணத்தைச் சொல்வார்கள். முழு எரிபொருளோடு சுமார் 16 டன் எடையுள்ள ஒரு படகு அந்த அலையில் ஓடி மேலெழும்ப முடியாது, இறங்கினாலும் உடையும். உப்புநீரில் நின்றால் அலுமினியம் அரிக்கும். ஏரியில் அலை இல்லை, உப்பு இல்லை, நேராக நீளமாக ஓட இடம் உண்டு, எழும்பிய சில நிமிடங்களில் எண்ணூரைத் தாண்டிக் கடல் வந்துவிடும். ஆங்கிலேய விமானப்படைக் கணக்குகளில் இந்த இடத்தின் பெயர் ரெட்ஹில்ஸ் லேக். 1872-லிருந்து சென்னை நகரம் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர்தான் இது. அதன் நடுவில் பெட்ரோலும் ஆழ்நீர்க் குண்டுமாக ஒரு படைத்தளம். போர் என்று வந்துவிட்டால் யாரும் யாரையும் கேட்பதில்லை.

ஏரி என்றால் எல்லாம் சுலபம் என்றும் இல்லை. காற்றே இல்லாத நாளில் நீர் கண்ணாடி மாதிரி கிடக்கும். பார்க்க அழகு, விமானிக்கு எமன். இறங்கும்போது நீர் எங்கே தொடங்குகிறது என்றே கண்ணுக்குத் தெரியாது. புறப்படும்போது வழுவழுப்பான நீர் படகின் அடியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், விடாது. அதற்கு ஒரு உபாயம் உண்டு: மோட்டார் படகை முன்னால் வேகமாக ஓட்டி அலை கிளப்புவார்கள். இரவில் இறங்குவதற்கு வரிசையாகச் சிறு படகுகளை நிறுத்தி விளக்கேற்றி வைப்பார்கள். தண்ணீர்மேல் ஓடுபாதை அதுதான்.

இனி வேலை என்னவென்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் வீரத்தைச் சொன்னால் சினிமாவாகிவிடும்.

ரோந்து விமானியின் வேலை பார்ப்பது. குண்டு இருக்கும், துப்பாக்கி இருக்கும், ஆனால் முதல் வேலை பார்ப்பது, பார்த்ததைச் சொல்வது. 600 மீட்டர் உயரத்தில் பறந்தால் அடிவானம் சுமார் 87 கிலோமீட்டரில் இருக்கும். மூட்டமும் வெயிலும் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஒரே நேர்கோட்டில் போய், கொஞ்சம் தள்ளித் திரும்பி வந்து, மறுபடி போய், வயலை உழுகிற மாதிரி கடலை உழ வேண்டும். வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில்தான். புழலிலிருந்து சுமத்ராவின் வடமுனை ஏறக்குறைய 1,800 கிலோமீட்டர். போக ஒன்பது மணி நேரம், வர ஒன்பது மணி நேரம். இதில் பெரும்பாலான நாட்களில் கண்ணில் படுவது தண்ணீர் மட்டும். கண் அசந்த அந்த ஒரு நிமிடத்தில்தான் நீர்மூழ்கியின் கோபுரம் மேலே வந்து போயிருக்கும்.

பார்த்துச் சொல்வதால் என்ன ஆகும் என்பதற்கு அட்லாண்டிக்கில் ஒரு சான்று உண்டு. 1941 மே 26 அன்று, ஜெர்மனியின் பெரும் போர்க்கப்பல் பிஸ்மார்க் எங்கே போனதென்று தெரியாமல் ஆங்கிலேயக் கடற்படை தவித்துக்கொண்டிருந்தபோது, கண்டுபிடித்தது ஒரு கட்டலினா. மறுநாள் பிஸ்மார்க் மூழ்கியது.

நம் கடலில் அப்படி ஒரு நாள் 1942 ஏப்ரல் 4.

அப்போது நிலைமை எப்படி என்றால், பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்துவிட்டது. மார்ச்சில் ரங்கூன். மார்ச் 23 அன்று ஜப்பானியர் அந்தமானில் இறங்கிவிட்டார்கள். அதாவது மெரினாவில் நின்று கிழக்கே பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத எதிர்க்கரை முழுக்க எதிரியுடையது. பரங்கிமலையில் இருந்த இந்திய விமானப்படையின் கரைக்காவல் பிரிவு ஓட்டிக்கொண்டிருந்தது வாப்பிட்டி என்ற பழைய இரட்டை இறக்கை விமானம். அதைக் கொண்டு வங்கக்கடலைக் காப்பது என்பது எழுதி வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாண்டு தீவுகளில் இருந்த கனடாவின் 413-ஆவது படைப்பிரிவை அவசரமாக இலங்கைக்கு வரச்சொன்னார்கள். காலிக்குப் பக்கத்தில் கொக்கல என்று ஓர் ஏரி, அதுதான் தளம். படைப்பிரிவில் ஒரு விமானத்தின் தலைவர் ஸ்குவாட்ரன் லீடர் லியோனார்டு பர்ச்சால். ஒன்டாரியோ மாகாணத்தில் செயின்ட் கேத்தரின்ஸ் என்ற ஊரில் 1915-இல் பிறந்தவர். ஏப்ரல் 2 அன்று கொக்கலவுக்கு வந்து சேர்ந்தார். நான்காம் தேதி விடியும் முன்னே ரோந்துக்கு அனுப்பிவிட்டார்கள். இலங்கைக்குத் தெற்கே, தென்கிழக்கே, புதுக்கடல், புது வானம்.

பகல் முழுதும் ஒன்றும் இல்லை. திரும்ப வேண்டிய நேரமும் நெருங்கிவிட்டது. ஆனால் திசைக்கணக்குப் பார்க்கிற ஆனியட், நிலா எழும்பும் வரை இருந்தால் வானத்தைப் பார்த்து இடத்தைச் சரியாகக் கணித்துவிடலாம் என்றார். சரி, இன்னொரு சுற்று என்று தங்கினார்கள். மாலை நான்கு மணி வாக்கில் தெற்கே அடிவானத்தில் புள்ளிகள்.

ஒரு மனிதனின் வீரத்தை எங்கே வைத்து அளப்பது என்று என்னைக் கேட்டால், இந்த இடத்தில் என்பேன். புள்ளிகளைப் பார்த்துவிட்டு "ஏதோ கப்பல்கள்" என்று சொல்லித் திரும்பியிருக்கலாம். அதுவும் தகவல்தான். ஆனால் எத்தனை கப்பல், என்ன கப்பல், எந்தத் திசையில் போகிறது, எவ்வளவு வேகம் என்று தெரியாமல் அதை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது. எண்ண வேண்டுமென்றால் கிட்டே போக வேண்டும். கிட்டே போனால் திரும்ப முடியாது, ஏனென்றால் கட்டலினா ஓடித் தப்பும் விமானமல்ல. ஜப்பானியரின் ஜீரோ சண்டை விமானத்தின் வேகம் அதற்குக் கிடையாது. ஒளிந்துகொள்ள மேகமும் இல்லை. பர்ச்சால் கிட்டே போனார்.

அங்கே வந்துகொண்டிருந்தது அட்மிரல் நகுமோவின் படை. முந்தைய டிசம்பரில் பேர்ல் ஹார்பரை அடித்த அதே ஆள். அகாகி, சோர்யூ, ஹிர்யூ, ஷோகாகு, ஸுயிகாகு என்று ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள். கூடவே போர்க்கப்பல்கள், நாசகாரிக் கப்பல்கள். கொழும்பை நோக்கி.

வயர்லெஸ் விதிப்படி செய்தியை மூன்று முறை அனுப்ப வேண்டும். அனுப்பத் தொடங்கியதுமே ஜீரோக்கள் மேலே வந்துவிட்டன. அனுப்பிக்கொண்டிருக்கும்போதே வயர்லெஸ் பெட்டி நொறுங்கியது. எரிபொருள் உள்ளே கொட்டித் தீப்பிடித்தது. அணைத்தார்கள், மறுபடி பிடித்தது. தாழப் பறந்துகொண்டிருந்ததால் குதிக்கவும் வழியில்லை. வால்பகுதி உடைந்து விழுவதற்குள் எப்படியோ விமானத்தைத் தண்ணீரில் இறக்கினார் பர்ச்சால். ஒன்பது பேரில் ஒருவர் விமானத்தோடு மூழ்கினார். மற்றவர்கள் நீரில். மேலேயிருந்து சுடும்போது தலையை உள்ளே இழுத்து மூழ்கித்தான் பிழைக்க வேண்டும். காயம்பட்டு மிதவைச் சட்டையில் கிடந்த இருவரால் மூழ்க முடியவில்லை. அவர்கள் அங்கேயே இறந்தார்கள். மீதி ஆறு பேரை இஸோகாஸே என்ற ஜப்பானிய நாசகாரிக் கப்பல் தூக்கிக்கொண்டது.

கப்பல் தளத்தில் விசாரணை. செய்தி அனுப்பினீர்களா? இல்லை, அனுப்பவில்லை என்று பர்ச்சால் சாதித்தார். அடித்துப் பார்த்தும் அதையே சொன்னார். ஏறக்குறைய நம்பிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து வயர்லெஸ் கூப்பிட்டது: உங்கள் செய்தி தெளிவாக இல்லை, திருப்பி அனுப்பவும். ஜப்பானியரும் அதைக் கேட்டார்கள். அப்புறம் என்ன, அடி மறுபடி முதலிலிருந்து.

"அய்யய்ய" என்றார் டீ மாஸ்டர். அவரும் கேட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

மறுநாள், ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. காலையில் கொழும்பின்மேல் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் வந்தன. பேர்ல் ஹார்பர் மாதிரி துறைமுகம் நிறையக் கப்பல் இருக்கும் என்று வந்தவர்களுக்கு ஏமாற்றம். பெரும்பாலான கப்பல்களை இரவே வெளியேற்றியிருந்தார்கள். ஹெக்டர், டெனடாஸ் என்ற இரண்டு போர்க்கப்பல்கள் துறைமுகத்தில் மூழ்கின, சேதம் இருந்தது, ஆனால் நினைத்தது நடக்கவில்லை. அதனால்தான் பர்ச்சாலுக்கு 'இலங்கையின் மீட்பர்' என்று பெயர் வந்தது.

அந்தப் பட்டம் கொஞ்சம் பெரிதென்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஜப்பானியரின் ரகசியக் குறிகளை உடைத்துப் படித்தவர்கள், ஏப்ரல் முதல் தேதி வாக்கில் தாக்குதல் வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆங்கிலேய அட்மிரல் சோமர்வில்லின் கப்பற்படை இலங்கைக்குத் தெற்கே காத்தும் நின்றது. இரண்டு மூன்று நாள் பார்த்து யாரும் வராததால், எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் மாலத்தீவின் அட்டு பவளத்தீவுக்குப் போய்விட்டது. நகுமோ வந்தது அதற்குப் பிறகு. இனி வரமாட்டார்கள் என்று ஊர் அசந்திருந்த நேரத்தில், வந்துகொண்டிருக்கிறார்கள் என்று சொன்னது பர்ச்சாலின் விமானம். அதன் மதிப்பு அது. செய்தி கிடைத்தும் கொழும்பின் ரத்மலானை விமானத்தளத்தில் சண்டை விமானங்கள் தரையில் இருக்கும்போதே ஜப்பானியர் தலைக்குமேல் வந்துவிட்டார்கள் என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டியதுதான். கொழும்பை விட்டுக் கிளம்பிய கப்பல்களில் கார்ன்வால், டார்செட்ஷையர் என்ற இரண்டு குரூஸர்களை அன்று பிற்பகலிலேயே நடுக்கடலில் கண்டுபிடித்து மூழ்கடித்தார்கள். 424 பேர் செத்தார்கள். 9-ஆம் தேதி திருகோணமலையிலும் அதே கதை. தகவல் தெரிந்து துறைமுகத்தை விட்டுத் தெற்கே போன ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. அன்று ஜப்பானியரைக் கண்டு சொன்னதும் 413-ஆவது பிரிவின் இன்னொரு கட்டலினா. அதில் ஒருவரும் மிஞ்சவில்லை. பர்ச்சாலின் பெயர் நமக்குத் தெரிகிறது. அந்த விமானத்தில் இருந்தவர்களை யார் சொல்கிறார்கள்?

இந்தப் பக்கம், ஏப்ரல் 6 அன்று அட்மிரல் ஒஸாவாவின் தனிப்படை விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டது. வங்கக்கடலில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. சென்னை காலியானது அப்போதுதான். வீட்டைப் பூட்டிக்கொண்டு சனங்கள் ஊருக்கு ரயில் ஏறினார்கள். உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் தெருவுக்கு வந்துவிடும் என்று மிருகக்காட்சி சாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். வடசென்னையின் பழைய குடும்பங்களில் 'எவாக்குவேஷன்' என்ற சொல் இன்றும் ஒரு வருஷத்தின் பெயர்.

இவ்வளவும் ஆன பிறகுதான் புழலுக்கு ஆள் வந்தார்கள். 1942 நடுவில் ஆங்கிலேய விமானப்படையின் 240-ஆவது பிரிவு கட்டலினாக்களோடு ஏரியில் இறங்கியது. போர் முடியும் வரை இங்கேதான். முன்பு ஐஸ்லாந்தில் பனிக்கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் சின்னத்தில் 'கடற்காவலன், வான்காவலன்' என்ற பொருளில் ஐஸ்லாந்து மொழியிலேயே எழுதியிருக்கும். அந்தச் சின்னத்தோடு புழல் வெயிலில் மூன்று வருடம்.

அவர்கள் என்ன செய்தார்கள்? பெரும்பாலும் ஒன்றும் காணாமல் திரும்பினார்கள். கப்பல் வரிசைகளுக்கு மேலே காவலாகப் பறந்தார்கள். பினாங்கைத் தளமாகக் கொண்டு ஜப்பானிய நீர்மூழ்கிகளும், 1943-லிருந்து ஜெர்மன் நீர்மூழ்கிகளும் இந்தக் கடலில் உலவின. மேலே விமானச் சத்தம் கேட்டாலே நீர்மூழ்கி உள்ளே போய்விடும், உள்ளே போனால் வேகம் போய்விடும், கப்பல் தப்பிவிடும். இப்படித் தப்பிய கப்பலுக்குத் தான் தப்பியதே தெரியாது. பதக்கம் கொடுக்கவும் வழியில்லாத வேலை இது.

இன்னொரு வேலை இருந்தது, அதை அப்போது வெளியே சொல்லவில்லை. எதிரி வசமிருந்த பர்மா, மலேயா, சுமத்ரா கரைகளுக்கு இரவில் பறந்து, கரையோர நீரில் இறங்கி, ஒற்றர்களையும் சாமான்களையும் விட்டுவிட்டு வருவது. 1944 மார்ச்சில் இதற்காகவே 628 என்ற எண்ணில் ஒரு பிரிவை ரெட்ஹில்ஸ் ஏரியிலேயே உருவாக்கினார்கள்; அக்டோபரில் கலைத்தார்கள். யோசித்துப் பாருங்கள்: நிலா வெளிச்சத்தில், விளக்குப் படகு வரிசை எதுவும் இல்லாத அந்நியக் கடலில் இறங்க வேண்டும். அலை சற்று உயரமென்றால் விமானம் போச்சு. விமானம் போனால் எதிரியின் கரையில் நடந்துதான் வீட்டுக்கு வர வேண்டும்.

பர்ச்சாலின் கதை ஏப்ரல் 4 அன்று முடியவில்லை. எனக்கு அவரிடம் பிடித்ததே பிற்பாதிதான். ஜப்பானில் மூன்று வருடத்துக்கு மேல் போர்க்கைதி. முகாமில் அவர்தான் மூத்த அதிகாரி என்பதால், சிப்பாய்களுக்கு விழும் அடிக்கு நடுவில் போய் நிற்பது தன் வேலை என்று எடுத்துக்கொண்டார். நோயாளிகளைத் துறைமுக வேலைக்கு இழுத்தபோது, அவர்களை விடும் வரை யாரும் வேலை செய்ய வேண்டாம் என்று எல்லாரையும் உட்கார வைத்துவிட்டார். 1944-இல், போர்க்கைதி முகாமில், வேலைநிறுத்தம்! அதற்கு அவருக்குக் கிடைத்தது அடியும் தண்டனை முகாமும். யார் யாரை எப்போது அடித்தார்கள், யார் எப்படிச் செத்தார்கள் என்று ரகசியமாக எழுதிப் புதைத்து வைத்தார். போருக்குப் பின் நடந்த குற்ற விசாரணைகளில் அந்தக் குறிப்புகள் சாட்சியாயின. விமானத்தில் செய்ததற்கு டி.எஃப்.சி. பதக்கம். முகாமில் செய்ததற்கு ஓ.பி.இ. விமானத்தில் நடந்தது சில நிமிடங்களில் முடிந்தது, யோசிக்கவே நேரமில்லை. முகாமில் ஒவ்வொரு காலையும் யோசிக்க நேரம் இருந்தது, பின்வாங்க வழியும் இருந்தது. இரண்டில் எது கஷ்டம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

போர் முடிந்தபின் வாஷிங்டனில் ஒரு விருந்தில், போரின் மிக அபாயமான கட்டம் எதுவென்று பேச்சு வந்தபோது சர்ச்சில் இலங்கையைச் சொன்னாராம். எச்சரித்த அந்த விமானி கடலுக்கடியில் கிடக்கிறான் என்றும் வருத்தப்பட்டாராம். விருந்தில் இருந்த கனடாத் தூதர் லெஸ்டர் பியர்சன், அந்த ஆள் சாகவில்லை, பக்கத்தில் எங்கள் தூதரகத்தில்தான் வேலை பார்க்கிறார் என்றாராம். பியர்சன் பிற்பாடு கனடாவின் பிரதமரானவர். பர்ச்சால் 2004 வரை இருந்தார்.

240-ஆவது பிரிவு 1946 ஜனவரியில் புழலை விட்டுக் கொக்கலவுக்கே போய்ச் சேர்ந்தது, மார்ச்சோடு கலைந்தது.

"இப்ப யாருண்ணே அதெல்லாம் பாக்கறாங்க?" என்றார் தம்பி, எழுந்துகொண்டே. அரக்கோணம். அங்கே இருக்கும் ஐ.என்.எஸ். ராஜாளி, இந்தியக் கடற்படையின் விமானத்தளம், 1992-லிருந்து. அதுவும் உலகப் போர்க் காலத்து ஓடுபாதை இருந்த இடம்தான். இப்போது ஓடுபாதை 4 கிலோமீட்டருக்கு மேல். 2013-லிருந்து அங்கே பி-8ஐ என்ற ஜெட் ரோந்து விமானங்கள். கட்டலினாவின் கண்ணாடிக் கொப்புளத்தில் உட்கார்ந்திருந்த ஆளின் வேலையை இப்போது ராடாரும், கடலில் போட்டு நீர்மூழ்கியின் சத்தத்தைக் கேட்கும் மிதவைகளும் செய்கின்றன. அதற்கு முன் இருந்தவை டி.யு.-142 என்ற ரஷ்ய விமானங்கள், நான்கு எஞ்சின், பூதாகரமானவை. 2017 மார்ச்சில் ஓய்வு பெற்றன. அதில் ஒன்றை விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். சாலைக்கு எதிர்ப்புறம் குர்சுரா நீர்மூழ்கி, அதுவும் அருங்காட்சியகம். டிக்கெட் எடுத்து இரண்டுக்குள்ளும் ஏறலாம். பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் விமானத்தில் முதலில் ஏறுங்கள்; எதைத் தேடிப் பறந்தார்கள் என்பது அப்புறம் எதிரிலேயே இருக்கிறது.